வறட்சி தாங்கும் விதை என்றால்... எந்த வறட்சியை?

வாசகர் கேள்வி - பதில்

மரபணு மாற்றிய ‘வறட்சி தாங்கும்’ பயிர்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

---

கேள்வி 1: “மானாவாரியாகப் புழுதியில் நெல் விதைக்கிறோம். போன இரண்டு வருஷமும் 130 நாள் சன்ன ரகம் போட்டு, கடைசி மழை ஏமாற்றியதால் கதிர் முழுக்கப் பதராகிவிட்டது. பி.டி. பருத்தி போல மரபணுவை மாற்றி, தண்ணீர் இல்லாமலே விளைகிற நெல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது வரும் வரை காத்திருக்கலாமா?”
கமுதி வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

தண்ணீர் இல்லாமலே விளைகிற நெல் உலகில் எங்கும் இல்லை. இனி வருவதற்கும் வழியில்லை. இலையில் உள்ள நுண்துளைகள் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே போகும். அதை வைத்துத்தான் செடி மாவுச்சத்து தயாரிக்கிறது. அதே துளை வழியாகத்தான் நீர் ஆவியாகி வெளியே போகிறது. துளையை மூடினால் தண்ணீர் மிச்சமாகும், உணவு தயாரிப்பு நின்றுவிடும். எந்த மரபணுவை வைத்தாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலை மாற்ற முடியாது. ‘இருக்கிற குறைந்த தண்ணீரில் நஷ்டத்தைக் குறைப்பது’ என்பதுதான் விஞ்ஞானிகள் செய்யப் பார்ப்பது.

பி.டி. பருத்தியோடு இதை ஒப்பிடுவதும் பொருந்தாது. பருத்தியில் எதிரி காய்ப்புழு. அதன் குடலைத் தாக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்து வைத்தார்கள். பூட்டு ஒன்று, சாவி ஒன்று. வறட்சி அப்படி ஒரே எதிரி அல்ல. குறைந்தது மூன்று வகையாக வருகிறது.

முதலாவது, விதைத்து முளைத்த பிறகு மழை இடைவெளி விட்டு, இளம் பயிர் காய்வது. இரண்டாவது, தூர் கட்டும் நேரத்தில் இரண்டு மூன்று வாரம் மழை நின்றுபோய், பிறகு பெய்வது. மூன்றாவது, பயிர் நன்றாக வளர்ந்து, கதிர் வெளிவரும் நேரத்தில் மழை முடிந்துபோவது. கமுதி வாசகருக்கு நடந்தது இந்த மூன்றாவது வகை.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இடையில் வரும் வறட்சிக்கு, சற்று நேரம் வளர்ச்சியை நிறுத்தி, மழை வந்ததும் மீண்டும் தூர் விடுகிற குணம் வேண்டும். கடைசி வறட்சிக்கு அந்தக் குணத்தால் பயன் இல்லை. முன்கூட்டியே பூத்து முடிக்கிற குணம்தான் அங்கே காப்பாற்றும். ஆழமாக வேர் விடும் குணம் நல்லதுதான், ஆனால் அடிமண்ணில் ஈரம் இருந்தால் மட்டும். 2013-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு பாரம்பரிய மேட்டுநில நெல்லிலிருந்து வேரைச் செங்குத்தாக இறங்கச் செய்யும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதை ஐ.ஆர். 64 நெல்லோடு ஒட்டுச் சேர்த்தபோது, வறட்சியிலும் மகசூல் கிடைத்தது. ஆனால் ஒரு அடிக்குக் கீழே கெட்டித்தட்டு இருக்கும் நிலத்திலோ, அடிமண்ணும் காய்ந்துபோன நிலத்திலோ அந்த வேர் எதைத் தேடி இறங்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரம் குறைந்த உடனே துளையை மூடிக்கொள்கிற பயிர், கடும் வறட்சியில் உயிர் பிழைக்கும். நல்ல மழை வருஷத்தில் அதே குணம் மகசூலைக் குறைக்கும். சோதனைக்கூடத் தொட்டியில் பத்து நாள் தண்ணீர் விடாமல் இருந்து பிழைத்த செடியின் படங்கள் செய்தியில் வரும். உயிர் பிழைப்பது வேறு, நெல்மணி பிடிப்பது வேறு. விவசாயிக்கு வேண்டியது இரண்டாவது.

நெல்லில் கதிர் உள்ளே உருவாகி வெளிவரும் நேரமும், பூக்கும் நேரமும் மிக மென்மையானவை. பூப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பிருந்தே மகரந்தம் உருவாகத் தொடங்கும். அப்போது ஈரம் இல்லாவிட்டால் மகரந்தம் மலடாகும். கதிரும் உறையை விட்டு முழுதாக வெளியே வராது. பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் பதர், பதர்தான்.

ஆகவே, காத்திருக்க வேண்டாம். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பது ஐந்தாவது பதிலில் இருக்கிறது.

---

கேள்வி 2: “அமெரிக்காவில் வறட்சி தாங்கும் மரபணு மாற்று மக்காச்சோளம் பல வருஷமாக விற்பனையில் இருக்கிறதாமே? அது எப்படி வேலை செய்கிறது? இங்கே கிடைக்குமா?”
பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

இருக்கிறது. மான்சான்டோ நிறுவனம், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அதன் அடையாளக் குறியீடு ‘எம்.ஓ.என். 87460’. ‘டிராட்கார்ட்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. அமெரிக்க வேளாண் துறை 2011 டிசம்பரில் இதற்குக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2013-ல் பரவலாக விற்பனைக்கு வந்தது.

இதில் வைக்கப்பட்டுள்ள மரபணு, தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் பெயரளவில் தெரிந்த ஒரு உயிரியிலிருந்து எடுக்கப்பட்டது. வேரழுகல், வாடல் நோய்களுக்கு விதைநேர்த்தி செய்யப் பயன்படுத்தும் ‘பேசில்லஸ் சப்டிலிஸ்’ பாக்டீரியாதான் அது. கடும் குளிர் வரும்போது இந்த பாக்டீரியாவின் செல்லுக்குள் புரதம் தயாரிப்பதற்கான கட்டளை இழைகள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கலை எடுத்துவிட ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. செடி வறட்சியில் தவிக்கும்போதும் இந்தப் புரதம் செல்லின் வேலைகளைத் தொடர்ந்து நடத்த உதவும் என்பது கணக்கு. 

பலன்? அமெரிக்க வேளாண் துறையே தனது ஆய்வறிக்கையில் எழுதியது கவனிக்கத்தக்கது. இந்த மக்காச்சோளத்தின் வறட்சி தாங்கும் தன்மை, அந்தந்தப் பகுதிக்கு ஏற்றபடி சாதாரண முறையில் உருவாக்கப்பட்ட ரகங்களிடம் காணப்படும் அளவைத் தாண்டவில்லை என்று அது சொன்னது. மிதமான வறட்சியில் ஓரளவு உதவும். நிலம் பிளக்கும் வறட்சியில் இதுவும் காயும்.

அதே காலத்தில், மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், சாதாரண ஒட்டுச் சேர்க்கையிலேயே வறட்சி தாங்கும் வீரிய ரகங்களைப் பயனியர், சின்ஜென்டா நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இரண்டு வகையும் சேர்ந்து, 2016-ல் அந்த நாட்டு மக்காச்சோளப் பரப்பில் 22 சதவிகிதத்தைப் பிடித்தன.

மக்காச்சோளத்தில் சாதாரண ஒட்டுச் சேர்க்கை இவ்வளவு பலன் தரக் காரணம் உண்டு. வறட்சி வந்தால் ஆண் பூ வழக்கமான நேரத்தில் மகரந்தம் கொட்டிவிடும். கதிரின் பட்டு நூல் வெளிவருவது மட்டும் தள்ளிப்போகும். மகரந்தம் கொட்டி முடிந்த பிறகு நூல் வந்தால், கதிரில் மணி பிடிக்காது, பொக்கையாக நிற்கும். மெக்சிகோவில் இருக்கும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்தினர், வறட்சியிலும் இந்த இடைவெளி குறைவாக உள்ள செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த வேலையில் உருவான ரகங்கள்தான் ஆப்பிரிக்க நாடுகளின் சிறு விவசாயிகளிடம் முதலில் போய்ச் சேர்ந்தன. 2008-ல் ஆப்பிரிக்காவுக்காகத் தொடங்கிய ‘நீர்ச் சிக்கன மக்காச்சோளம்’ திட்டத்தில் மரபணு மாற்று ரகமும் ஒரு பகுதி. ஆனால் அதிலும் முதலில் வயலுக்கு வந்தவை சாதாரண வீரிய ரகங்களே. தென்னாப்பிரிக்காவில் எம்.ஓ.என். 87460-க்கு 2015-ல் தரப்பட்ட அனுமதியை, அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 அக்டோபரில் ரத்து செய்தது.

இந்தியாவில் மரபணு மாற்று மக்காச்சோளம் எதற்கும் சாகுபடி அனுமதி இல்லை. விவசாயிகள் வணிக ரீதியில் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர், 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே. 2022-ல் டி.எம்.எச். 11 கடுகுக்குத் தரப்பட்ட அனுமதி மீதான வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். ஆகவே, ‘வறட்சி தாங்கும் மரபணு மாற்று மக்காச்சோள விதை’ என்று யாராவது விற்க வந்தால், வாங்க வேண்டாம். அது போலியாக இருக்கும், அல்லது சட்டவிரோதமாக இருக்கும்.

---

கேள்வி 3: “சூரியகாந்தியின் மரபணுவைக் கோதுமையில் வைத்து அர்ஜென்டினாவில் வெற்றி பெற்றுவிட்டதாகப் படித்தேன். அதையாவது நம்பலாமா?”
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

இதுவரை வந்த மரபணு மாற்று வறட்சிப் பயிர்களில் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான். ‘எச்.பி.4’ கோதுமை என்று பெயர். அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நகரில், அரசுப் பல்கலைக்கழகத்தில் ராகேல் சான் என்ற பெண் விஞ்ஞானியின் குழு உருவாக்கியது. பயோசெரஸ் என்ற அந்நாட்டு நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இது வேலை செய்யும் விதம் மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. வறட்சி வந்தால் பெரும்பாலான செடிகள் எத்திலீன் வாயுவின் தூண்டுதலால் இலைகளைப் பழுக்க விட்டு, சீக்கிரமே முதுமை அடைந்துவிடும். உயிர் பிழைப்பதற்கு அது வழி, ஆனால் மகசூல் போய்விடும். சூரியகாந்தியின் இந்த மரபணு, மற்ற பல மரபணுக்களுக்குக் கட்டளை இடும் மேஸ்திரி போன்றது. எத்திலீன் தரும் அவசரச் செய்தியைச் செடி கேட்காதபடி செய்கிறது. இலை பச்சையாக இருக்கும், துளையை மூடாமல் உணவு தயாரிப்பு தொடரும். இடையில் வந்த வறட்சி நீங்கி மழை பெய்தால், பலன் நன்றாக இருக்கும்.

2019-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் 37 வயல் சோதனைகளின் கணக்கு இருக்கிறது. எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் மகசூல் கூடுதல் சராசரியாக 6 சதவிகிதம். வறட்சி இருந்த இடங்களில் 16 சதவிகிதம். தண்ணீர் போதிய இடங்களில் 3 சதவிகிதம். மிகக் காய்ந்த இடங்களில் ஒன்றில் 97 சதவிகிதம்.

இந்த எண்களைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. செய்தியில் பெரும்பாலும் கடைசி எண்தான் வரும். ‘மகசூல் இரட்டிப்பு’ என்பார்கள். ஏக்கருக்கு 300 கிலோ மட்டுமே விளைகிற அளவுக்குக் காய்ந்த நிலத்தில் 97 சதவிகிதம் கூடினால் 590 கிலோ. எண் பெரிது, ஆனால் அந்த வருஷம் கடன் அடைக்கப் போதுமா என்பது வேறு கணக்கு. விவசாயி முடிவெடுக்க உதவுவது சராசரி. ஏக்கருக்கு 1,000 கிலோ எடுக்கிறவருக்கு 6 சதவிகிதம் என்றால் 60 கிலோ. அந்த 60 கிலோவின் விலையைவிட விதைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அதிகமாக இருந்தால் லாபம் இல்லை. அதே சமயம், நல்ல வருஷத்திலும் மகசூல் குறையவில்லை என்பது இந்தக் கோதுமையின் உண்மையான பலம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயலில் வென்றது சந்தையில் தடுமாறியது. அர்ஜென்டினா கோதுமையை அதிகம் வாங்கும் நாடு பிரேசில். அதனால் 2020 அக்டோபரில் அர்ஜென்டினா அரசு அனுமதி தந்தபோதே, பிரேசில் வாங்கச் சம்மதித்தால்தான் விற்பனை என்று நிபந்தனை போட்டது. பிரேசில் 2021 நவம்பரில் அந்தக் கோதுமை மாவுக்குச் சம்மதித்தது. 2022 மே மாதத்தில்தான் அர்ஜென்டினாவில் முழு அனுமதி. இதற்கிடையே, மற்ற கோதுமையோடு இது கலந்துவிட்டால் ஏற்றுமதியே கெட்டுவிடும் என்று தானிய வியாபாரிகள் எதிர்த்தார்கள். குளூபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் இதில் இருப்பதால், களைக்கொல்லிப் பயன்பாடு கூடும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. வறட்சி விதை வாங்கும்போது களைக்கொல்லி வியாபாரமும் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

---

கேள்வி 4: “மத்திய அரசு 2025-ல் அறிவித்த இரண்டு புதிய நெல் ரகங்கள் மரபணு மாற்றியவையா? வறட்சி தாங்குமா? விதை எங்கே கிடைக்கும்?”
மதுராந்தகம் பகுதியிலிருந்து ஒரு வாசகர்

2025 மே 4-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த இரண்டும் ‘மரபணுத் திருத்தம்’ செய்தவை. மரபணு மாற்றத்தில் வேறு உயிரியின் மரபணு உள்ளே வரும். திருத்தத்தில் வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை. ஏற்கெனவே செடியில் இருக்கும் ஒரு மரபணுவில், பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்துவதுபோல, குறிப்பிட்ட இடத்தில் வெட்டி அதன் வேலையை நிறுத்துகிறார்கள். இந்த வகைத் திருத்தத்துக்கு, மரபணு மாற்றுப் பயிருக்கான கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது.

முதல் ரகம் ‘டி.ஆர்.ஆர். தான் 100’, இன்னொரு பெயர் ‘கமலா’. தமிழ்நாட்டில் நன்கு தெரிந்த பி.பி.டி. 5204 நெல்லை, ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் திருத்தி உருவாக்கியது. கதிரில் மணிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் பிடியைத் தளர்த்தியிருக்கிறார்கள். தாய் ரகத்தைவிட 19 சதவிகிதம் கூடுதல் மகசூல், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடை, அதனால் மூன்று பாசனம் மிச்சம் என்பது அரசின் அறிவிப்பு. நாள் குறைவதால் தண்ணீர் மிச்சமாவது நல்ல விஷயம். ஆனால் அது வறட்சியில் இருந்து தப்பிப்பது. வயல் காய்ந்து கிடக்கும்போது தாங்குவது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’. எம்.டி.யு. 1010 நெல்லை, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் திருத்தியது. இதில் திருத்தப்பட்ட மரபணுவின் பெயரே வறட்சி, உப்பு இரண்டையும் குறிப்பதுதான். இது இலைத்துளைகளின் எண்ணிக்கையிலும் திறப்பிலும் சம்பந்தப்பட்டது என்று சீன ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். அதன் வேலையை நிறுத்தினால் துளைகள் குறையும், நீர் இழப்பும் குறையும். பெயரில் வறட்சி இருந்தாலும், அறிவிப்பில் தரப்பட்ட மகசூல் எண்கள் உவர், களர் நிலங்களுக்கானவை. உள்நாட்டு உவர் நிலத்தில் 9.66 சதவிகிதம், களர் நிலத்தில் 14.66 சதவிகிதம், கடலோர உவர் நிலத்தில் 30.4 சதவிகிதம் கூடுதல் என்று சொல்லப்பட்டது. ஆகவே, உப்புத் தண்ணீர்ப் பிரச்னை உள்ளவர் இந்த ரகத்தைக் கவனிக்கலாம். மானாவாரி விவசாயி, தன்னைப் போன்ற நிலத்தின் எண்கள் வரும் வரை பொறுப்பது நல்லது.

மரபணுத் தொழில்நுட்பத்தை எதிர்க்கும் அமைப்புகள் இந்த ரகங்களின் சோதனைத் தரவுகள் குறித்துக் கேள்வி எழுப்பியிருக்கின்றன. ஆதரிப்பவரோ எதிர்ப்பவரோ, இடம் வாரியாக, வருஷம் வாரியாக எண்களைக் கேட்பதில் தவறில்லை. விதையைப் பொறுத்தவரை, சான்று அட்டையோடு வேளாண் பல்கலைக்கழகம், அரசு விதை நிறுவனம், வேளாண் விரிவாக்க மையம் வழியாக வந்தால் மட்டும் வாங்கவும்.

---

கேள்வி 5: “இதெல்லாம் கைக்கு வரும் வரை, இந்தப் புரட்டாசிக்கு என்ன விதைப்பது? கடையில் ‘வறட்சி தாங்கும்’ என்று அச்சிட்ட பையை எப்படி நம்புவது?”
சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

முதல் வேலை, தன் நிலத்து வறட்சி எந்த வகை என்று கண்டுபிடிப்பது. இதற்கு நோட்டும் பேனாவும் போதும். கடந்த ஐந்து வருஷத்தில் முளைப்பு மழை எந்தத் தேதியில் கிடைத்தது, இடையில் எத்தனை நாள் மழை நின்றது, கடைசி நல்ல மழை எந்தத் தேதி, கண்மாயில் தண்ணீர் எது வரை இருந்தது என்று எழுதவும். மழை அளவு தெரியாவிட்டால் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்.

பிறகு நாள் கணக்கு. நெல் பெரும்பாலும் அறுவடைக்கு 30 நாள் முன்பு பூக்கும். செப்டம்பர் 20-ல் முளைப்பு மழை கிடைத்ததாக வைத்துக்கொண்டால், கணக்கு இப்படி வரும்:

- 130 நாள் ரகம்: பூப்பது டிசம்பர் 29 வாக்கில், அறுவடை ஜனவரி 28.
- 105 நாள் ரகம்: பூப்பது டிசம்பர் 4 வாக்கில், அறுவடை ஜனவரி 3.

கடைசி நல்ல மழை டிசம்பர் 15-ல் முடிந்துவிட்டால், 105 நாள் ரகம் அதற்குள் பூத்து முடித்து, பால் பிடித்து நிற்கும். 130 நாள் ரகமோ அப்போதுதான் மகரந்தம் உருவாகும் கட்டத்தில் இருக்கும். கமுதி வாசகருக்கு இரண்டு வருஷம் பதரானதற்கு இந்த 25 நாள்தான் காரணமாக இருக்க வேண்டும். அமெரிக்க மக்காச்சோளமும் அர்ஜென்டினா கோதுமையும் தருகிற சதவிகிதங்களைவிட, ரகத்தின் வயதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது தரும் பலன் இங்கே பெரிது. அதற்குக் கூடுதல் செலவும் இல்லை.

ரகத் தேர்வுக்கு:

பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட ‘அண்ணா 4’ நெல், 100 முதல் 105 நாள் வயது. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற மானாவாரிப் பகுதிகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. சற்றுக் கூடுதல் ஈரம் உள்ள நிலத்துக்கு ‘கோ 53’. இதன் பெற்றோரில் ஒன்று, ராமநாதபுரம் வட்டாரத்தின் பாரம்பரிய ரகமான நொறுங்கன். உள்ளூர் விவசாயிகள் தலைமுறைகளாகக் காத்துவந்த வறட்சிக் குணம்தான் அதில் இருக்கிறது. வட இந்தியாவில் ஹசாரிபாக் ஆராய்ச்சி நிலையமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2010-ல் வெளியிட்ட ‘சகபாகி தான்’ நெல்லும் சாதாரண ஒட்டுச் சேர்க்கைதான். காயவிட்ட வயலில் மகசூலை எடைபோட்டு, நல்ல மழை வயலிலும் மகசூலை எடைபோட்டு, இரண்டிலும் தேறியதைப் பொறுக்கி எடுத்தார்கள். 

விதைப்புக்கு முன், 1 சதவிகித பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கலாம். ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு. இளம் பயிர்ப் பருவத்தில் வரும் வறட்சியைச் சமாளிக்க இந்த விதைக் கடினப்படுத்தல் உதவும். கடைசி வறட்சிக்கு இதை நம்ப வேண்டாம்.

புதிய ரகம் எதுவாக இருந்தாலும், முதல் வருஷம் பத்து சென்டில் மட்டும் போடவும். பக்கத்திலேயே வழக்கமான ரகத்தையும் அதே நாளில், அதே உரத்தில் போட்டு, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை பார்க்கவும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. எந்தப் பருவத்தில் வரும் வறட்சியைத் தாங்கும்? எத்தனை நாள்?
2. எந்த ரகத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? எந்த ஊரில், எத்தனை வருஷம் சோதித்தது?
3. நல்ல மழை பெய்தால் மகசூல் குறையுமா?
4. விதை எடுத்து அடுத்த வருஷம் போடலாமா, ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டுமா?
5. இந்த நெல்லை உள்ளூர் வியாபாரியும் அரசுக் கொள்முதல் நிலையமும் வாங்குமா?

பதிலைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லவும். எழுதித் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சட்டமும் விவசாயி பக்கம் இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ன் 39-வது பிரிவு, பதிவு செய்யப்பட்ட ரகத்தின் விதையை விற்கும்போது, எந்தச் சூழ்நிலையில் என்ன பலன் கிடைக்கும் என்று அதை உருவாக்கியவர் விவசாயியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தச் சூழ்நிலையில் அந்தப் பலன் கிடைக்காவிட்டால், சட்டத்தின்கீழ் உள்ள ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம். அதே பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், விளைந்ததில் விதை எடுத்து வைக்க, விதைக்க, பரிமாற, பெயர் அச்சிட்ட பையில் போடாமல் விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. ஆகவே பில், சான்று அட்டை, விதைப்பை மூன்றையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைக்கவும். பையில் ஒரு பிடி விதையை மிச்சம் வைப்பதும் நல்லது. புகார் செய்ய நேர்ந்தால் அதுதான் முதல் ஆதாரம்.

---

வறட்சி தொடர்பான கேள்விகளை அனுப்பும் வாசகர்கள், மண் வகை, ரகத்தின் பெயர், முளைப்பு மழை கிடைத்த தேதி, பூத்த தேதி, கடைசி மழைத் தேதி ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால், அந்தந்த நிலத்துக்குப் பொருந்தும்படி பதில் தர முடியும்.